பிள்ளை மடுவத்துக் காளானுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து அத்தைமார், மாமாமார், அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

நேரில் சொல்ல வந்தால், "போ புள்ள, இதுக்கெல்லாம் நன்றியா" என்று தேத்தண்ணியைக் கையில் கொடுத்து என் வாயை அடைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போடக் கூடாது என்று பாதிப் பேர் சொன்னீர்கள், போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த கையோடு, அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்காமல் காளான் வளர்க்கப் போகிறேன் என்றேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்டார்கள். தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீட்டில், லயத்தில் இருப்பவளிடம் உறுதி ஏது?

அந்த நேரத்தில் வந்ததுதான் சீட்டுக் காசு. பத்துப் பேர், மாதம் 5000 ரூபா. அப்போது நாள் சம்பளம் 1000 ரூபா. அப்படியென்றால் ஒவ்வொருத்தியும் மழையிலும் அட்டைக்கடியிலும் ஐந்து நாள் நின்று பறித்த கொழுந்து அது. அந்த மாதச் சீட்டு மூன்றாம் லயத்து அத்தையுடையது, மகளின் சடங்குக்கென்று வைத்திருந்தது. அம்மா கேட்கக்கூட இல்லை. ராத்திரி அத்தையே வந்து 50,000 ரூபாவைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "சடங்க தையில வச்சுக்கலாம், மொதல்ல இவ காளான் பெரிய மனுசி ஆகட்டும்" என்று சிரித்தார். அத்தை, அன்றைக்கு நான் அடுப்படிக்குள் போனது பால் பொங்கியதால் அல்ல.

அடுத்தது முகவரி. வியாபாரப் பெயர் பதியப் போனால் இடம் யாருடையது, இலக்கம் என்ன என்று கேட்கிறார்கள். எங்கள் ஆட்கள் இலங்கைக்கு வந்து 200 வருடம், 'மலையகம் 200' என்று ஊரெல்லாம் பேசிய 2023இலும் எங்கள் லயத்துக்கு வீட்டு இலக்கம் இருக்கவில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வருகிறது. பெரிய கிளாக்கர் ஐயாதான் தோட்டத்துத் துரையிடம் பேசி, வேலைக்குப் போகும் அம்மாமாரின் பிள்ளைகளைப் பார்க்கும் இடமாக இருந்து பூட்டிக் கிடந்த பழைய பிள்ளை மடுவத்தைப் பாவிக்க அனுமதிக் கடிதம் எடுத்துத் தந்தார். அம்மா கொழுந்துக்குப் போக, சேலைத் தொட்டிலில் நான் கிடந்த மடுவம் அது. வளையில் தொட்டில் கட்டிய கொக்கிகள் அப்படியே இருந்தன. இப்போது அவற்றில் காளான் பைகள் தொங்குகின்றன.

முதல் 120 பையும் வீணாய்ப் போனது. மரத்தூளில் பைனஸ் மரத்தின் தூள் கலந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தப் பிசினில் காளான் வித்து ஓடாமல் பச்சைப் பூஞ்சணம்தான் ஓடியது. பட்டம் வாங்கியவள் செய்த வேலை! பண்டாரவளைப் பக்கத்து மரக்காலை முதலாளி ஒரு பையைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "நங்கி, பைனஸ் எபா" என்றார், தங்கச்சி, பைனஸ் வேண்டாம் என்று. அன்றிலிருந்து அல்பீசியா மரத்தூளை எனக்கென்று தனிச் சாக்கில் ஒதுக்கி வைக்கிறார். காசை நீட்டினால் "பஸ்ஸே, பஸ்ஸே", பிறகு பார்க்கலாம் என்பார். ஐயா, இன்னும் இரண்டு சாக்குக் காசு பாக்கி. மறக்கவில்லை.

10 கிலோ தூளுக்கு 1 கிலோ தவிடு என்று என்னோடு பிசைந்து, பை நிரப்பி, பீப்பாயில் ஆவி வைத்த இரவுகளில் மிலாறு விறகு சுமந்து வந்து விடியும்வரை அடுப்பெரித்த தம்பிமாரே, உங்கள் தாளக்கச்சேரிக்குத் தூங்காத பக்கத்து லயத்துக்காரர்களே, உங்களுக்கும் நன்றி. விடியற்காலையில் எல்லவுக்குச் சவாரி போகும்போது பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆட்டோ அண்ணன் இன்றுவரை பெட்டிக்குக் கூலி வாங்கியதில்லை. அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ் மூன்று வாரக் காசு தராமல் இழுக்கிறது, அது வேறு கதை.

சீட்டுக் காசில் 30,000 திருப்பிக் கொடுத்தாயிற்று. மீதி மார்கழிக்குள். தையில் சடங்கு வீட்டுக் காளான் பிரட்டலுக்கு 15 கிலோ என் கணக்கு. அத்தை, காசைப் பற்றிப் பேசினால் சமைக்க வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் 'காளான் புள்ள'