போர்டில் இருக்கும் பெயர் மேல் கேஸ் போடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்துச் சந்தோஷம், வராமல் போனதற்கு வீட்டில் எனக்குத்தான் திட்டு. இங்கே வேலூரில் வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளக்கிறது. முட்டி வலி இருந்தாலும் சத்துவாச்சாரி கோர்ட்டுப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை, பழைய வக்கீலுக்கு இன்னும் கொஞ்சம் குமாஸ்தா வேலை பார்த்துக் கொடுக்கிறேன்.

சரி, நீ லுங்கி சரக்குக் கொடுத்து இன்னும் பணம் வராத பாக்கிக்கு வருகிறேன். இரண்டு லட்சத்துச் சொச்சம் தராமல் இழுக்கிற அந்தக் கடை மேல் கேஸ் போட்டுவிடலாம் என்கிறாய். போடலாம், ஆனால் யார் மேல்? நீ எழுதி அனுப்பியதில் பிரதிவாதி என்ற இடத்தில் கடைப் பெயர், பின்னால் ஒரு 'டிரேடர்ஸ்', அதோடு சரி. அந்தப் பெயரில் ஒரே ஆள் கடை வைத்திருக்கலாம், அண்ணன் தம்பிகள் பார்ட்னர்ஷிப்பாக நடத்தலாம், ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிகூடப் பின்னால் இருக்கலாம். கல்லாவில் உட்கார்ந்து உன்னை 'அண்ணே அண்ணே' என்று கூப்பிடுகிறவர் முதலாளியா, முதலாளியின் மச்சானா, சம்பள ஆளா என்பதே உனக்குத் தெரியாது.

டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வாங்குவது பெரிய விஷயமில்லை, எதிராளி வராவிட்டால் எக்ஸ்பார்ட்டியாக, ஒருதலைப்பட்சமாகவே கிடைத்துவிடும். டிகிரியை நிறைவேற்றச் சொல்லி இ.பி. மனு போட்டு, கோர்ட் ஆளான அமீனா ஜப்திக்குப் போய் நிற்கும்போதுதான் கூத்து ஆரம்பிக்கும். "அவங்க போயிட்டாங்க சார், இது வேற கம்பெனி" என்பார்கள், போர்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

அதனால் முதலில் அவர்கள் கொடுத்த ஏதாவது ஒரு பில்லை எடுத்து அதில் ஜி.எஸ்.டி. எண்ணைப் பார். பதினைந்து எழுத்து இருக்கும். முதல் இரண்டும் மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்தும் பான் நம்பர். அந்தப் பானின் நான்காவது எழுத்து, அதாவது மொத்தத்தில் ஆறாவது, 'பி' என்றால் தனி ஆள், 'எஃப்' என்றால் பார்ட்னர்ஷிப், 'சி' என்றால் கம்பெனி, 'ஹெச்' என்றால் இந்து கூட்டுக் குடும்பம். பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள எல்.எல்.பி. நிறுவனத்துக்கும் 'எஃப்'தான் வரும், அங்கே கொஞ்சம் உஷார். அப்புறம் அந்த எண்ணை ஜி.எஸ்.டி. போர்ட்டலில் போட்டால் சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர், எந்த வகை நிறுவனம் எல்லாம் வந்துவிடும், காசும் கிடையாது, லாகின்னும் வேண்டாம். பில்லே கைக்கு வரவில்லையா, கடை வாசலில் பார், பதிவு செய்தவர்கள் பெயர்ப் பலகையில் அந்த எண்ணைப் போட்டாக வேண்டும் என்பது விதி. அவர்கள் முன்பு கொடுத்த செக் ஜெராக்ஸ் இருந்தால் இன்னும் நல்லது, கையெழுத்துக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பில் புரோப்ரைட்டரா பார்ட்னரா டைரக்டரா என்று அவர்களே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

தனி ஆள் என்று தெரிந்தால் அவர் பெயரையே போட்டு, இன்ன கடையின் புரோப்ரைட்டர் என்று சேர்த்து எழுது. கடைப் பெயரிலேயே வழக்குப் போட சி.பி.சி. என்கிற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 30 ரூல் 10 இடம் கொடுக்கிறது, ஆனாலும் கடை என்பது சட்டத்தின் முன் முதலாளியிலிருந்து வேறான ஒரு நபர் இல்லை, அது முதலாளி மேல் போட்ட வழக்குதான் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் அசோக் டிரான்ஸ்போர்ட் ஏஜென்சி வழக்கில் சொல்லிவிட்டது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் விசாரி, சிரிக்காதே. அப்பா பெயரில் இருந்த கடையை மகன் அப்படியே ஓட்டுவது நம் ஊரில் எத்தனை! இறந்தவர் மேல் போட்ட கேஸ் செல்லாது.

பார்ட்னர்ஷிப் என்றால் ஃபர்ம் பெயரோடு பார்ட்னர்கள் ஒவ்வொருவரையும் சேர்த்து, தனித்தனியாகச் சம்மன் போகும்படி பார்த்துக்கொள். ஃபர்மின் கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் முழுசாகப் பொறுப்பு, ஆனால் ஃபர்ம் பெயரில் மட்டும் டிகிரி வாங்கிவிட்டு, சம்மனே பெறாத பார்ட்னரின் வீட்டை ஜப்தி செய்யப் போனால் ஆர்டர் 21 ரூல் 50 குறுக்கே நிற்கும். நீ சரக்குக் கொடுத்த நேரத்தில் யார் பார்ட்னர் என்பதுதான் கணக்கு, இன்றைக்கு யார் என்பது இல்லை. ஃபர்ம் பதிவாகியிருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும்.

கம்பெனி என்றால் கம்பெனிதான் பிரதிவாதி, விலாசத்துக்கு அதன் பதிவு அலுவலகம். கோபத்தில் டைரக்டர் பெயரையும் இழுக்காதே, அவர் தனியாக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய அவர் வீட்டை நீ தொட முடியாது.

இவ்வளவு தேடியும் இவரா அவரா என்று தெரியவில்லை என்றால் இரண்டு பேரையும் பிரதிவாதியாகச் சேர்க்கலாம், ஆர்டர் 1 ரூல் 7 அதற்கென்றே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ரூல் அது, ஆனால் தேடவே சோம்பல்பட்டு ஊரையே சேர்க்கிற வக்கீல்களும் இங்கே உண்டு. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அசட்டையாகவும் இருக்காதே. புதிதாகச் சேர்க்கிற பிரதிவாதிக்குச் சேர்த்த தேதியிலிருந்துதான் காலக்கெடு பார்ப்பார்கள், நல்லெண்ணத்தில் நடந்த தவறு என்று கோர்ட்டை நம்பவைத்தால்தான் முதலில் கேஸ் போட்ட தேதி. சரக்கு விலைக்கு மூன்று வருஷம்தான்.

இன்னொன்று, இதே கேள்வி உனக்கும் இருக்கிறது. நீயும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறீர்களே, அந்தப் பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்தீர்களா? பதிவாகாத ஃபர்ம் மேல் வெளியாள் கேஸ் போடலாம், ஆனால் ஒப்பந்தப் பணம் கேட்டு அது வெளியாள் மேல் போட முடியாது, பார்ட்னர்ஷிப் சட்டம் 69ஆம் பிரிவு. பில் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்.

தம்பியைக் கேட்டேன் என்று சொல். பாக்கி நிற்கிற முதல் பில்லின் தேதி என்ன? அதை மட்டும் நாளைக்கே போன் செய்து சொல்லிவிடு, மீதியைக் குடியாத்தம் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்