சவாரிக் குதிரைகளின் சதைவலியைக் கண்டறியப் பயிற்சி வேண்டி மனு

அனுப்புநர்:
சவாரிக் குதிரை வைத்துத் தொழில் செய்வோர்,
ஏரிச்சாலை, கொடைக்கானல்.

பெறுநர்:
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை, திண்டுக்கல்.

பொருள்: சவாரிக் குதிரைகளின் சதைவலி அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி முகாம் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் சென்று பிழைக்கும் நாங்கள், குதிரைகளுக்கு வரும் சதைவலியைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பயிற்சியை எங்களுக்கும் எங்களிடம் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

காயமும் நொண்டலும் எவர் கண்ணுக்கும் தெரியும். சதைவலி அப்படித் தெரிவதில்லை. சேணத்தின் வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவது, முதுகில் பிரஷ் பட்டதும் இடுப்பைத் தாழ்த்தி நெளிவது, ஈ இல்லாதபோதும் வாலைச் சுழற்றி அடிப்பது, இறக்கத்தில் பின்னங்கால்களை இழுத்து வைப்பது, ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுப்பது ஆகியவற்றைச் சண்டித்தனம் என்று கருதிச் சவுக்கை எடுப்பவர்கள் எங்கள் தொழிலில் இன்றும் இருக்கிறார்கள். அடிக்குப் பயந்த குதிரை வலியைப் பொறுத்துக்கொண்டு நடந்துவிடுவதால், அடித்தவருக்குத் தாம் செய்தது சரி என்றே தோன்றிவிடுகிறது. எங்களுக்கு மிகுந்த வேதனை தருவது இதுதான். வலியுள்ள குதிரையின் காதுகள் விறைத்துப் பின்னோக்கி நிற்கும். தாடைச் சதை இறுகியிருக்கும். சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளைத் தொகுத்து, அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் தசை அல்லது எலும்பு வலி இருக்கக்கூடும் என்று கணிக்கும் முறையை, இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர் சூ டைசன் 2018-இல் வெளியிட்டார். அது தமிழில் படங்களுடன் கிடைத்தால், படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்துவார்கள்.

எங்கள் தொழிலின் போக்கிலேயே ஓர் ஆபத்து உள்ளது. வார நாள்களில் வேலையின்றிக் கட்டிக் கிடக்கும் குதிரைக்குக் கொள்ளையும் தவிட்டையும் குறைக்காமல் வைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் ஓய்வின்றி ஓட்டினால், சில குதிரைகளுக்குப் பின்தொடைச் சதை கட்டைபோல் இறுகி, வியர்வை வழிய, ஓரடியும் எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் நிறப்பொருள் வெளியேறுகிறது என்று பொருள், சிறுநீரகமே பழுதாகலாம். நடக்க வைத்தால் சரியாகிவிடும் என்று அப்போது இழுத்துச் செல்வது பெருந்தீங்கு. நின்ற இடத்திலேயே சேணத்தைக் கழற்றி, தண்ணீர் காட்டி, மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு குதிரைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, ஏப்ரல், மே மாதச் சீசன் தொடங்கும் முன்பே, குதிரை மருத்துவம் அறிந்த வல்லுநரைக் கொண்டு, எங்கள் குதிரைகளையே தொட்டுத் தடவிப் பழகும் வகையில் பயிற்சி முகாம் நடத்தவும், சேணத்தின் பொருத்தத்தையும் முதுகுச் சதையையும் மாதந்தோறும் பரிசோதிக்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவே உச்சவரம்பு என 1965-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறுகின்றன. ஆளேற்றும் குதிரைக்கும் எடை வரம்பு நிர்ணயித்துச் சவாரி தொடங்கும் இடத்தில் அரசுப் பலகை வைத்தால், கூட்ட நாள்களில் பயணிகளிடம் மறுத்துச் சொல்ல எங்களுக்கு அது துணையாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள குதிரை உரிமையாளர்கள்

இடம்: கொடைக்கானல்