மேத்தமேட்டிக்கல் பிசிக்ஸ் பற்றி அப்பா கேட்கவில்லை

மக்களே,

ரிசல்ட் வந்ததிலிருந்து அம்மாவுக்கு மட்டும் "சாப்பிட்டேன்" என்று மெசேஜ் வருகிறது. மார்க் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. இங்கே மழை விடவில்லை. தக்கலை மாமி வந்து உன்னை விசாரித்தாள். நன்றாகப் படிக்கிறாள் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

நீ லீவில் வைத்துவிட்டுப் போன லேப் ரெக்கார்டைப் பார்த்தேன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. ஆனால் கிரேட்டிங் (நெருக்கமாகக் கோடு கீறிய தகடு) சோதனையில் வெளிச்சம் விலகும் இடப்பக்கக் கோணத்தைவிட வலப்பக்கம் ஒரு டிகிரி கூடுதல். நீ சராசரி எடுத்து முடித்துவிட்டாய். அப்படிச் செய்யலாமா? வெளிச்சம் கிரேட்டிங்கில் செங்குத்தாக விழவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். டெலஸ்கோப்பை நேர்க்கதிரில் நிறுத்தி, அங்கிருந்து 90 டிகிரி திருப்பிப் பூட்டு. கிரேட்டிங்கில் பட்டுத் திரும்பும் பிளவின் பிம்பம் குறுக்குக் கம்பியில் விழும்வரை கிரேட்டிங் நிற்கும் மேடையை மட்டும் திருப்பு. பிறகு மேடையைச் சரியாக 45 டிகிரி திருப்பி, கிரேட்டிங்கின் முகத்தை, வெளிச்சம் வரும் குழாயான காலிமேட்டருக்கு நேராக வை. அங்குலத்துக்கு 15,000 கோடு என்றால் சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு முதல் வரிசையில் இரண்டு பக்கமும் 20 டிகிரிக்குச் சற்று மேலே வரும். கோணம் காட்டும் இரண்டு வெர்னியர் அளவுகோலையும் படி. ஒன்றை மட்டும் படித்தால் மையம் விலகிய பிழை உள்ளேயே கிடக்கும். இவ்வளவு அழகாக எழுதுகிறவள் இதை ஏன் விட்டாய்?

கணக்கிலும் இப்படித்தான். கையால் போட்டுப் பார்க்க வேண்டும், விடைக்குறிப்பைப் படித்தால் போதாது. மேட்ரிக்ஸில் வரும் ஐகன் மதிப்பு குவாண்டத்தில் திரும்ப வரும், வெக்டர் கணக்கின் கர்லும் டைவர்ஜென்ஸும் மின்காந்தவியலில் வரும். எம்.எஸ்சி. சேர பிப்ரவரியில் வரும் ஜாம் நுழைவுத் தேர்வில் 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். அதில் எண்ணை டைப் செய்யும் 20 கேள்விக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. ஆனால் முழுக்கணக்கும் தெரியாமல் ஒன்றும் எழுத முடியாது. அரியர் ஒன்று கிடந்து பட்டம் தள்ளிப்போனால், ரேங்க் வாங்கியும் எம்.எஸ்சி. சீட் கைவிட்டுப் போகும். பொதுவாகச் சொல்கிறேன்.

பிசிக்ஸ் படித்தால் வாத்தியார் வேலைதானே என்று பெரியப்பா கேட்கிறார். கேன்சர் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் பிசிசிஸ்ட் இல்லாமல் கதிர்வீச்சுச் சிகிச்சை நடத்த அனுமதி இல்லை. எம்.எஸ்சி.க்குப் பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஒரு வருட டிப்ளமோ, அதன்பின் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் என்று ஒரு வழி உண்டு. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால்தான் புவிகாந்த ஆய்வுக்கூடம் ஒன்று திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. பி.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் கூடங்குளம் மாதிரி அணுமின் நிலையங்களில் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் பயிற்சிக்கு எடுப்பார்கள். 60 சதவீதம் கேட்பார்கள். எந்த வழியில் போனாலும் அந்தக் கணக்கைத் தாண்டித்தான் போகணும். கையால் போடு மக்களே.

ரீவேல்யூவேஷனுக்கு நாள் கொஞ்சம்தான் கொடுப்பார்கள். முதலில் விடைத்தாள் நகல் வாங்கு. மார்க் கூட்டியது சரியா, எந்தப் படியில் மார்க் போனது என்று பார்த்துவிட்டுப் பிறகு ஃபீஸ் கட்டு. இரண்டுக்கும் சேர்த்து உன் அக்கவுண்டில் பணம் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இது தெரியாது.

அப்பா