மிதிக்கும்போது மட்டும் வரும் ‘டக்’

அன்புள்ள கதிருக்கு,

சீனியரிடம் வாங்கிய பழைய சைக்கிள், மிதித்தால் ‘டக் டக்’ என்கிறது, கடைக்காரர் செயினையும், பின் சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரமான ப்ரீவீலையும் மாற்றச் சொல்கிறார் என்றாய். பணத்தைக் கொடுத்துவிடாதே. தாத்தாவின் சைக்கிள் கடையில் வளர்ந்தவள் சொல்கிறேன், முதலில் சத்தம் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணு.

மிதிப்பதை நிறுத்தி சும்மா உருளவிடு. அப்போதும் அதே ‘டக்’ வந்தால் கோளாறு வீலில். (ப்ரீவீலின் ‘கிர்ர்’ இயல்பானது, அதை விட்டுவிடு.) மிதிக்கும்போது மட்டும், பெடல் ஒரு சுற்று வருவதற்குள் ஒருமுறை வந்தால், என் சந்தேகம் காட்டர் பின் மேல்தான். பழைய இரும்பு சைக்கிளில், பெடல் மாட்டிய கையான கிராங்கை நடுவில் இருக்கும் ஆக்சிலோடு பிடித்து வைத்திருப்பது அந்தச் சின்ன ஆப்புதான். அது தளர்ந்தால் காலுக்கடியில் ஒரு கணம் பிடிமானம் போய், திரும்ப வரும்.

சோதிப்பது சுலபம். கிராங்க் இரண்டும் தரைக்கு இணையாக இருக்கும்படி நிறுத்தி, இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் கையால் அழுத்து. பிறகு அரைச் சுற்று திருப்பி, மறுபடி அழுத்து. ஒரு கிராங்க் மட்டும் லேசாக நகர்ந்து கொடுத்தால் அந்தப் பக்கத்துக் காட்டர் பின்தான் கோளாறு. இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால், அந்த ஆக்சிலைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்பும் பால்ரஸ் குண்டுகளும். இரண்டுமே இல்லையென்றால் ஒற்றைக் காலால் மிதித்துப் பார். ஒரு காலுக்கு மட்டும் சத்தம் வந்தால் அந்தப் பக்கத்துப் பெடல். இடது பெடலின் மரை எதிர்த்திசை, மறந்து முறுக்கினால் கிராங்க் பாழ்.

காட்டர் பின் தளர்ந்திருந்தால் அதன் நட்டை மட்டும் இறுக்கிப் பயனில்லை. கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்க வேண்டும். நட்டு அது கழன்றுவிடாமல் காப்பதற்குத்தான், பலமாக முறுக்கினால் மரை போய்விடும். தளர்ந்தபடியே ரொம்ப நாள் ஓட்டியிருந்தால் பின் நசுங்கியிருக்கும், புதிது போடு. எல்லாம் ஒரே அளவு இல்லை, பழையதைக் கையோடு கொண்டு போ. இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கமாக ஏற வேண்டும். மாறினால் கிராங்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் திரும்ப ஒருமுறை தட்டச் சொல்.

சத்தம் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் கதை வேறு. செயின் வீல் (பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரம்) 44 பல், செயின் 112 கண்ணி என்றால், ஒரே கண்ணி திரும்ப வர அவ்வளவு சுற்று ஆகும். ஒரு கண்ணி இறுகியிருக்கும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக் கண்டுபிடித்து, பக்கவாட்டில் லேசாக வளைத்து எண்ணெய் விட்டால் போதும்.

மேட்டில் அழுத்தும்போது செயின் தாவினால்தான் கடைக்காரர் பேச்சுக்கு மதிப்பு. ஸ்கேல் வைத்து 24 கண்ணியை அள. 12 அங்குலம் வர வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினோடு ப்ரீவீலையும் மாற்றிவிடு, தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. ஆனால் செயின் தாவாமல், பெடல் மட்டும் பிடிப்பே இல்லாமல் சுற்றினால், ப்ரீவீலுக்குள் இருக்கும் நாக்குகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் செலவு செய்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எந்தப் பக்கம் அசைந்தது என்று சொல். மெஸ்ஸில் சாப்பாடு எப்படி?

அன்புடன்,
அம்மா