விடுதலைப் பத்திரம் பற்றி மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

அப்பா வீட்டில் உன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தைப் பற்றிப் பேசினால், நேற்று போனில், "எங்கே கையெழுத்துப் போடணும்னு சொல்லும்மா, போட்டு அனுப்பிடறேன்" என்றாய். தம்பி மேல் உனக்கு இருக்கும் பாசம் எனக்குத் தெரியாததா? ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் விஷயம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தம்பி மாடி எடுக்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறான். வீடு இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது, அப்பா உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "இப்பவே என்னைக் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறியா" என்று சிரித்தே தட்டிக் கழித்துவிட்டார். வங்கி வாரிசு சான்றிதழ் கேட்டது. தம்பி இ-சேவை மையத்தில் மனுப் போட்டான், கிராம நிர்வாக அலுவலர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்துப் போனார், தாசில்தார் கையெழுத்தோடு சான்றிதழ் வந்துவிட்டது. அதில் நாலு பெயர்: நான், நீ, தம்பி, அப்பத்தா.

அப்பத்தா பெயரைப் பார்த்துத் தம்பிக்கு ஒரே ஆச்சரியம். "இவங்க எப்படிம்மா இதுல?" என்றான். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆண் ஒருவர் உயில் எழுதாமல் போய்விட்டால் மனைவி, மகன், மகள், பெற்ற தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசு, எல்லாருக்கும் சம பங்கு. தகப்பனார் உயிரோடு இருந்தாலும் முதல் வகுப்பில் வரமாட்டார், தாய் வருவார். ஆக இந்த வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. ஒன்றைக் கவனி. வாரிசு சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது, சொத்தை யார் பெயருக்கும் மாற்றாது. தாசில்தார் கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் ஊரில் அதிகம்.

"பொம்பளப் பிள்ளைக்கு 2005க்கு அப்புறம்தானே பங்கு, அக்காவுக்கு அதுக்கு முன்னாடி பேச்சே இல்லையே" என்று சித்தப்பா தம்பியிடம் ஒரு சட்டம் பேசினார். அவர் சொல்வது பூர்வீகச் சொத்துக் கதை. இந்த வீடு உன் அப்பா சம்பளத்தில் மனை வாங்கி, பி.எஃப். பணத்தில் கட்டியது. சுயசம்பாத்தியம். உயில் இல்லாத சுயசம்பாத்தியத்தில் மகளுக்குப் பங்கு 1956இலிருந்தே உண்டு. உனக்கு யாரும் புதிதாகத் தூக்கிக் கொடுக்கவில்லை.

பூர்வீகம் என்றால் என் கதையைக் கேள். எனக்குக் கல்யாணம் 1986இல். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்தது. அப்போது நான் பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாங்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுவோம். ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவளுக்கு அது கிடையாது. 1994இல் உன் மாமன்மார் நிலத்தைப் பாகப்பிரிவினை செய்து பதிவும் பண்ணிக்கொண்டார்கள். 2005இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணம் எப்போது ஆகியிருந்தாலும் மகளுக்குப் பங்கு என்று வந்தது. அந்தத் திருத்தம் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொடாது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நான் விழுந்துவிட்டேன். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005இல் அந்த மகளின் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை என்று தீர்ப்புச் சொன்னபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மாமன்மார் மேல் எனக்கு வருத்தமில்லை. சீர் செனத்தியில் குறை வைத்ததில்லை. ஆனால் "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்புகூட எனக்கு வரவில்லை. உனக்கு வந்திருக்கிறது. வேண்டாம் என்றாலும் தெரிந்து சொல்.

அத்தனை வருஷம் அந்த அலுவலகத்தில் விடுதலைப் பத்திரங்களைப் பார்த்தவள் நான். அண்ணன் தம்பிகள் காரில் கூட்டி வருவார்கள். வந்த பெண்ணுக்கு டிபன் வாங்கிக் கொடுத்து, பத்திர எழுத்தர் கடையில் உட்கார வைத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவார்கள். உள்ளே வந்தால் கைரேகைக் கருவியில் விரல் பதியாது. பாத்திரம் தேய்த்தே ரேகை மழுங்கியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, அழுத்தி, வேறு விரலை வைத்து, எப்படியோ பதிய வைப்போம். சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, "சம்மதந்தானாம்மா?" என்று கேட்பார். பதில் பின்னாலிருந்து அண்ணன் குரலில் வரும். "அவங்களக் கேட்கிறேன்" என்று அவர் மறுபடி கேட்ட பிறகுதான் அந்தப் பெண் தலையாட்டும். எத்தனையோ பேர் உண்மையிலேயே மனசார எழுதிக் கொடுத்தவர்கள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, "இப்ப நான் எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்?" என்று என்னிடமே கேட்ட பெண்களும் உண்டு.

தம்பி அனுப்பிய நகலை நீ திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தெரியும். நான் பார்த்தேன். "மேற்படி சொத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட பிரிபடாத 1/4 பாகத்துக்கான தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு" என்று இருக்கிறது. நீ எந்த ரொக்கத்தைப் பெற்றாய்? பணம் வாங்காமல் பாசத்துக்காக விடுவதென்றால் அப்படியே எழுத வேண்டும். வாங்குவதாக இருந்தால் வங்கி வழியாக வரவேண்டும், அந்த விவரமும் பத்திரத்தில் ஏற வேண்டும். அதற்குக் கீழே, "இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று முடிகிறது. உன் வாரிசு என்றால் என் பேத்தி. பதிவாகிவிட்ட விடுதலையை மனசு மாறி நீ ஒருத்தியாகப் போய் ரத்து பண்ண முடியாது. சிவில் கோர்ட்டுக்குப் போய், ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். தம்பி மேல் அப்படி ஒரு வழக்கு நீ போடுவாயா? போடமாட்டாய். அதனால்தான் இப்போதே படிக்கச் சொல்கிறேன்.

இன்னொரு கூத்து. அந்த நகலில் எழுதி வாங்குபவர் என்ற இடத்தில் தம்பி பெயரோடு மருமகள் பெயரும் இருந்தது. அவளைக் குற்றம் சொல்லவில்லை; வங்கியில் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கடன் கேட்டதைப் பார்த்துப் பத்திர எழுத்தர் சேர்த்துவிட்டார். விடுதலை என்பது கூட்டுப் பங்குதாரருக்குள் நடப்பது. மருமகளுக்கு இந்த வீட்டில் பங்கே கிடையாது, அவள் பெயருக்கு எதை விடுதலை செய்வது? அதை அடிக்கச் சொல்லிவிட்டேன். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், மிஞ்சிப்போனால் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், மிஞ்சிப்போனால் 10,000. 2023 ஜூலைக்கு முன்னால் இது 25,000, 4,000 என்றுதான் இருந்தது. குடும்பம் என்ற வரையறைக்கு வெளியே ஒரு பெயர் நுழைந்தால் இந்தச் சலுகையே சிக்கலாகும்.

உனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்லித் தம்பி கேட்டானாம். மஸ்கட்டில் நம் தூதரகத்தில் போய் அத்தாட்சி வாங்கி அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதெல்லாம் நடக்கக்கூடியதுதான். ஆனால் தம்பி பெயருக்கே பவர் கொடுத்தால் எழுதிக் கொடுப்பவனும் அவனே, எழுதி வாங்குபவனும் அவனே. அது அவனுக்கும் நல்லதில்லை, நாளைக்கு வங்கி வக்கீலே கேள்வி கேட்பார். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் என் பெயருக்குக் கொடு. பொது அதிகாரம் வேண்டாம். இன்ன சொத்து, இன்ன பத்திரம், இதில் மட்டும் கையெழுத்துப் போடலாம் என்று குறிப்பாக எழுது. வெற்றுத்தாளில் மட்டும் ஒருபோதும் கையெழுத்துப் போடாதே, நானே கேட்டாலும்.

இப்போது என் பங்கு. நான் விடுதலை எழுதப் போவதில்லை. தம்பியிடமும் நேராகச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உங்கள வெச்சுப் பார்க்க மாட்டேன்னு நினைக்கிறீங்களா?" என்றான். பார்ப்பான், எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் பார்ப்பதற்கும் என் கால் பங்குக்கும் என்ன சம்பந்தம்? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளை கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் ஒரு தாய்க்காக அப்படி ரத்து செய்து, சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் கோட்டாட்சியர் அலுவலகத்து பெஞ்சில் பெற்ற பிள்ளைக்கு எதிராக மனுவோடு உட்கார்ந்திருக்கும் கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே போய் உட்காரும்படி ஆகக் கூடாது என்றால் எழுதிக் கொடுக்காமல் இருப்பதுதான் வழி.

அப்பத்தா விஷயம்தான் அவசரம். அவர் ஒன்றும் எழுதாமல் போய்விட்டால் அந்தக் கால் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். சித்தப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைக்கு ஒரு பாகம், அப்பா இல்லாததால் அவர் பாகம் உனக்கும் தம்பிக்கும். கணக்குப் போட்டால் அவர்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று, உங்களுக்கு இருபத்துநாலில் ஒன்று. எனக்கு அதில் ஒன்றுமில்லை. அத்தை கேட்கமாட்டாள்; அத்தை பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்று யார் சொல்வது? தம்பி அப்பத்தாவிடம் போய், "எனக்கு எழுதிக் குடுங்க" என்றான். "ஏன்டா, ஒரு பேரன் நீதானா? எம் மகளுக்கு நான் என்னத்தச் செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அவர் சொத்து, அவர் யோசிக்கட்டும். முடிவு செய்துவிட்டால் அலுவலகம் வரை நடக்க வைக்க வேண்டியதில்லை. முடியாதவர்களுக்குக் கட்டணம் கட்டி மனுப் போட்டால் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார்கள். டாக்டர் சான்றிதழ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எனக்குத் தோன்றும் வழி இது. விடுதலையை விட்டுவிட்டுப் பாகப்பிரிவினை எழுதலாம். மாடி கட்டும் உரிமை தம்பிக்கு, மனையில் அதற்கேற்ற பிரிபடாத பாகத்தோடு. கீழ்வீடு எனக்கும் உனக்கும். அப்பத்தா பங்கை அவர் சொல்கிறபடி. தம்பி தன் பாகத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கிக்கொள்ளட்டும். மேனேஜரிடம் கேட்டேன், வழக்கறிஞர் கருத்துரை சரியாக இருந்தால் பரிசீலிப்போம் என்கிறார். தம்பிக்கு முழு மனசில்லை, ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லை. உனக்கு வேறு யோசனை இருந்தால் சொல். உன் பங்கை மொத்தமாக அவனுக்கே விட்டுவிடுகிறேன் என்று நீ முடிவு செய்தாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கலந்துகொள். முடிவு உன்னுடையதாக இருக்கட்டும்.

அப்பாவின் டெபாசிட்டுக்குத் தம்பிதான் நாமினி. பணத்தை அவன் வாங்கி வைத்திருக்கிறான். நாமினி என்றால் வங்கியிலிருந்து வாங்கிக்கொள்கிற ஆள், அவ்வளவுதான். பணம் நாலு வாரிசுக்கும் பொது. இதைச் சொன்னதும் அவனே கணக்கு எழுதிக் காட்டினான். சண்டைக்காரன் இல்லை உன் தம்பி. யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

திருத்திய நகலை இந்த வாரம் அனுப்புகிறேன். பேச வேண்டியதைத் தனித்தனியாக எங்களிடம் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தம்பி, மருமகள், அப்பத்தா எல்லாரையும் உட்கார வைக்கிறேன், எல்லார் முன்னாலும் சொல். மே மாதம் லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல். நீ நேரில் வந்தால் பவர் வேலையே மிச்சம். தேதி தெரிந்தால் பதிவு அலுவலக டோக்கன் நான் போட்டு வைக்கிறேன். வரும்போது ஆதார், பான் அட்டை ஒரிஜினல் எடுத்துவர மறக்காதே. போன தடவை மஸ்கட்டிலேயே வைத்துவிட்டு வந்தாய்.

அன்புடன்,
அம்மா