மெஷின வித்துடாத மாப்ள

மாப்ள,

நீ அனுப்பின ஸ்க்ரோல் சா வேலை போட்டோவ நேத்து ராத்திரியே பாத்துட்டேன், பதில் போடல. வாட்ஸ்அப்ல நாலு வரியில முடியற சமாச்சாரமா இது, அதான் மெயில்ல அடிக்கிறேன். வீட்ல எல்லாரும் சவுக்கியம், அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு.

அந்த ஸ்க்ரோல் சா மெஷின, அதான் மெலிசு பிளேடு மேலயும் கீழயும் ஓடி பலகைய வளைச்சு வெட்டற மெஷின, வித்துடலாம்னு இருக்கேன்னு எழுதிருக்க பாரு, அத படிச்சப்ப வந்த கோவத்துக்கு நீ பக்கத்துல இல்லாதது உன் நல்ல நேரம். டிராயிங் கோணலா போச்சுனு பென்சில ஒடிச்சவன்தானே நீ, நம்ம கூட்டாளி மொட்டை இன்னும் சொல்லி சிரிக்கிறான்.

நீ வெட்டின அந்த கொலு ஆர்ச்ச போட்டோவுல பெருசு பண்ணி பாத்தேன். மேல் பக்கம் சுத்தம், திருப்பிப் போட்டா பூரா பிசிறு. இது கை கோளாறே இல்லடா. சாதா பிளேடுல பல்லு எல்லாம் கீழ பாத்துதான் இருக்கும், இறங்கும்போது வெட்டி அடிப்பக்க வெனீர, அதான் ஒட்டிருக்கற மெலிசு மரத்தாள, பிச்சுக்கிட்டு வெளிய வரும். ரிவர்ஸ் டூத்னு கேட்டு வாங்கு. அதுல அடியில கொஞ்சம் பல்லு மட்டும் மேல பாத்திருக்கும், ஏறும்போது கீழ்ப்பக்கத்த சுத்தம் பண்ணிடும். மாட்டும்போது பிளேடு முழுசா மேல ஏறி நிக்கறப்ப ரெண்டு மூணு தலைகீழ் பல்லு மட்டும் டேபிளுக்கு மேல தெரியற மாதிரி வை, அதுக்கு மேல போனா பலகையவே தூக்கி தடதடனு அடிக்கும். 6 எம்எம் பிளைக்கு (பிளைவுட்) 3ம் நம்பர் இல்லேன்னா 5ம் நம்பர் பிளேடு போதும், நீ போட்டிருக்கறது தடியா தெரியுது. டேபிள்ல அந்த பெரிய ஓட்டை இருக்குல்ல, அதுமேல மெலிசா ஒரு பிளை துண்டுல சின்ன ஓட்டை போட்டு டபுள் சைடு டேப்புல ஒட்டிடு, அடியில தாங்கறதுக்கு ஏதாவது இருந்தாலே பாதி பிசிறு போயிடும்.

கோடு எப்பவும் வலது பக்கமே ஓடுதுனு புலம்பிருந்த. நெறைய பிளேடுல செய்யறப்பவே ஒரு ஓரத்துல மட்டும் சொரசொரப்பு நின்னுடும், அந்தப் பக்கம் கூடுதலா வெட்டும். பலகைய லேசா சாய்ச்சு புடிச்சு தள்ளு, கொஞ்ச நேரத்துல கை தானா பழகிடும். வளைவுல கருகறதுக்கு, டிசைன் பேப்பர் மேல அகலமான செல்லோடேப் ஒட்டிட்டு வெட்டு, வழுக்கிக்கிட்டு போகும். அப்பவும் கருகுதுன்னா பிளேடு மழுங்கிடுச்சு, தூக்கிப் போடு. நீ எவ்ளோ கஞ்சன்னு எனக்குத் தெரியும், இதுல மட்டும் அந்த புத்திய காட்டாத.

ஆனா மெயின் வில்லன் அந்த பிளைதான்னு நான் அடிச்சு சொல்வேன். விளிம்புல பாரு, நடு அடுக்குல கேப் கேப்பா இருக்கு. பிளேடு அந்த பொந்துக்குள்ள விழுந்து வெளிய ஏறும்போது எவன் கை வச்சாலும் ஜெர்க் அடிக்கும். கடைக்காரன் 710 மரைன் பிளை நல்லதுன்னு தலையில கட்டிருப்பான். அதுல பீனாலிக் பசை, தண்ணிக்கு தாங்கும்தான், ஆனா கல்லாட்டம் இறுகி பல்ல மழுக்கிடும். கொலு ஆர்ச்சு மழையிலயா நனையப் போகுது? ஈரக்காத்துக்கு மட்டும் தாங்கற எம்ஆர் கிரேடு பிளை போதும், ஆனா நாலு விளிம்பும் பாத்து வாங்கு. முடிஞ்சா பால்டிக் பிர்ச் பிளை தேடு, 6 எம்எம்லயே அஞ்சு அடுக்கு, பொந்து அனேகமா இருக்காது, விலைதான் கண்ண கட்டும்.

இப்ப ஒண்ணு சொல்றேன், சிரிக்காம படி. போட்டோவுல நீ கர்ச்சீப் கூட கட்டல. உனக்கு வீசிங் இருக்கு, ஜன்னல் சாத்தின ரூமு, அந்த குட்டி புளோயர் தூள கோட்டுல இருந்து ஊதி நேரா உன் மூஞ்சிலதான் போடுது. மரத்தூள புத்துநோய் வர வைக்கற முதல் குரூப்புல உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி அமைப்பு 1995லயே சேத்துட்டாங்க. பிளையில மேல பசை வேற. ஆசாரி மாமா ராத்திரி பூரா இருமினத நாம திண்ணையில படுத்து கேட்டிருக்கோம்ல. அவருக்கு என்னன்னு கடைசி வரைக்கும் யாரும் பாக்கல. என்95 மாஸ்க் இல்லாம சுவிட்ச் போட்டேன்னு தெரிஞ்சா நானே வந்து மெஷின தூக்கிட்டுப் போயிடுவேன், காசும் தரமாட்டேன்.

பிளேடு ஒரு டஜன் கொரியர்ல வருது, காச மொட்டைகிட்ட கொடுத்துடு, அவன் எனக்கு தரவேண்டியதோட சேத்து தரட்டும் (தருவான்?). டிசைன ஸ்கேன் பண்ணி அனுப்பு. அந்த மயிலு கழுத்து ரொம்ப மெலிசு, நீ வெளி கோட்ட மொதல்ல வெட்டிருப்ப, அதான் ஒடிஞ்சிருக்கு. உள்ள இருக்கற சின்ன ஓட்டைங்கள எல்லாம் முடிச்சிட்டு கடைசியா வெளிய வா, அதுவரைக்கும் சுத்தி இருக்கற மரம் தாங்கும். ஓட்டை போடறப்ப அடியில ஒரு வேஸ்ட் பலகைய வச்சுக்க.

மாஸ்க் போட்டு ஒரு போட்டோ அனுப்பு மொதல்ல.

உன்
பல்லன்