பணம் கட்டுவதற்கு முன் இதைப் படி

குடியாத்தம்

அன்புள்ள கல்பனா,

இங்கே எல்லாரும் நலம். மாமியாருக்கு மட்டும் முழங்கால் வலி. அதற்கும் என் படிப்புதான் காரணம் என்று வீட்டில் ஒரு கட்சி சொல்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா?

போன வாரம் ஃபோனில் "ஆன்லைன்ல எம்பிஏ சேரப் போறேன்டி, இன்னைக்கே கட்டினா பாதி ஸ்காலர்ஷிப்பாம்" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். உனக்கு மட்டும் எப்படித்தான் சரியான நேரத்துக்குப் பஸ் வருமோ, பத்தாவது படிக்கும்போதிலிருந்து பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலவரம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழில் எப்படி ஆட்டம் கண்டது என்று உனக்கே தெரியும். எங்கள் தோல் கம்பெனியில் முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் கான்ட்ராக்ட் ஆட்கள் போனார்கள். அப்புறம் ஆபீஸிலும் கை வைத்தார்கள். எங்கள் செக்‌ஷனில் போனவர்களில் ஒருவர் எம்பிஏ. தபாலிலோ ஆன்லைனிலோ இல்லை, இரண்டு வருடம் காலேஜுக்குப் போய்ப் படித்த எம்பிஏ. டிகிரி வாங்கிவிட்டால் யாரும் நம்மை அசைக்க முடியாது என்று நீ சொன்னாய் இல்லையா, அப்போது அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் சேர்ந்திருப்பது ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பிஎஸ் பட்டப் படிப்பு. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. பிளஸ் டூ முடித்திருந்தால் போதும், வயது வரம்பு கிடையாது, ஐஐடிக்கு எல்லாரும் எழுதும் ஜேஇஇ நுழைவுத் தேர்வைக் கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக நான்கு வாரம் பாடம் நடத்தி, வாராவாரம் அசைன்மென்ட் வாங்கி, அதில் தேறியவர்களுக்குத் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். பாடம்தான் வீட்டில், தேர்வு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். சென்னை மையத்தில் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பையன் திரும்பி, "ஆன்ட்டி, பேரன்ட்ஸ் எல்லாம் வெளியில வெயிட் பண்ணணும்" என்றான். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். பாவம், தேர்வு முடியும் வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.

எடுக்கிற பாடத்துக்கு மட்டும் கட்டணம். வருமானத்தையும் பிரிவையும் பார்த்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. ஃபவுண்டேஷன் என்கிற முதல் கட்டத்தில் எட்டுப் பாடம் முடித்து நின்றால் ஒரு சான்றிதழ், அப்புறம் டிப்ளமோ, பிஎஸ்சி, கடைசியில் பிஎஸ். எனக்கு டிப்ளமோ வரைக்கும் போதும். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி என்னைப் படுத்தும் பாட்டை நேரில் சொல்கிறேன், எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

ஆனால் புள்ளியியல்! கல்பனா, பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் என்று ஒன்றை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினோமே, அது எதற்கு என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டிங்கில் இரண்டு லைன். தோல் வேஸ்ட் இரண்டிலும் சராசரியாக ஒரே அளவு, அதனால் மாதாமாதம் ரிப்போர்ட்டில் இரண்டும் சமம் என்றே போகும். நான் நாள்வாரியாக எடுத்து, ஒவ்வொரு நாளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் அந்தத் திட்ட விலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒரு லைன் தினமும் ஒரே சீராக ஓடுகிறது. இன்னொன்று ஒரு நாள் பிரமாதம், மறுநாள் படுமோசம். எந்த நாள் மோசம் என்று தேடினால், தரம் பிரிக்காமல் கலந்த தோல் வந்த நாட்கள்! மேனேஜர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "இதை மாசாமாசம் குடும்மா" என்றார். சம்பளம் ஒரு பைசா ஏறவில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் போட இப்போது கம்பெனியில் வேறு ஆள் கிடையாது. என்னைக் கேட்டால் வேலைக்குப் பாதுகாப்பு என்பது இவ்வளவுதான்.

சரி, உன் விஷயம். எம்பிஏ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் ஆன்லைனிலோ தொலைநிலையிலோ கொடுக்கிற பட்டம், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022-லேயே அறிவித்துவிட்டது. பிரச்சினை உன்னிடம் ஃபோனில் தேன் ஒழுகப் பேசுகிற அந்த ஆலோசகர்தான். அவர் பல்கலைக்கழகத்து ஆள் இல்லை, நடுவில் இருக்கிற கம்பெனிக்காரர். பட்டம் கொடுக்கும் அதிகாரம் அந்தக் கம்பெனிக்குக் கிடையாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்புக்கு எந்த வருடம் அனுமதி என்று பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீ சேரும் படிப்பும் நீ சேரும் வருடமும் இருக்க வேண்டும். 2024-லிருந்து சேருவதற்கு டெப் ஐடி என்று அந்தப் பிரிவின் தளத்தில் எடுக்கும் மாணவர் எண் ஒன்று கட்டாயம். அதை நீயே உட்கார்ந்து எடுக்கலாம். "நாங்களே எடுத்துத் தர்றோம், ஓடிபி சொல்லுங்க" என்றால் சொல்லாதே.

இன்னொன்று, அந்த 'வட்டியில்லா தவணை'. அது பெரும்பாலும் உன் பேரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி போடும் கடன். ஆறாவது மாதம் படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. மகளிர் குழுக் கடனுக்கு நீ பட்ட பாடு போதாதா? தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடன் கொடுப்பது யார், பாதியில் விட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் கேள். தயங்கினார் என்றால் வைத்துவிடு. பஸ் வந்துவிட்டது என்று சொல், உனக்குச் சொல்லியா தர வேண்டும்?

அவசரம் இல்லையென்றால் முதலில் ஐஐடிகள் ஆன்லைனில் பாடம் நடத்தும் என்பிடெல்லில் ஒரு பாடம் எடுத்துப் பார். படிப்பதற்குக் காசு கிடையாது, தேர்வு எழுதினால்தான் கட்டணம். மார்க்கில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. ராணிப்பேட்டைக்குத் திரும்பிச் சமைத்து, பையனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்து, ஒன்பதரை மணிக்கு மேல் உன்னால் உட்கார முடிகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். எனக்கு முதல் மாதம் வீடியோ ஓட ஓடத் தூக்கம்தான். இவர்தான் மீதியைக் கேட்டுவிட்டுக் காலையில் எனக்கு விளக்குவார், அதுவும் தப்பாக.

ஆஸ்பத்திரி பில்லிங்கில் உனக்கு மேலே இருப்பவர் என்ன படித்திருக்கிறார், அந்த இடத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று ஹெச்ஆரில் விசாரித்தாயா? எம்பிஏதான் கேட்கிறார்கள் என்றால் தாராளமாகச் சேர், பட்டியலை நானே பார்த்துச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, அதுவரைக்கும் ஒரு ரூபாய் கட்டாதே.

மீனாட்சி பொண்ணு வளைகாப்புக்கு வருகிறாயா? நான் வருவேன், மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவேன். மறுநாள் எனக்குப் பரீட்சை.

அன்புடன்,
சுமதி